முன்மொழிபவர்

சங்க யாப்பில் எட்டாம் விதி:
பெண்கள் ஐவர் இல்லாமல் கூட்டம் செல்லாது.
அதற்காகத்தான் எங்களை
மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனார்கள்.
கையொப்பம், பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட்.
மிச்சத்தை ஆண்கள் கதைப்பார்கள்.

நான் செயலாளர்.
கையெழுத்து வடிவு என்று தந்த பதவி.
சொன்னதை எழுதினேன். சொல்லாததையும்
சிலவேளை எழுதச் சொன்னார்கள்:
"பெண்களும் ஏகமனதாக ஆதரித்தனர்."

ஈச்சிலம்பற்றுக்கு மேற்கே
பாலையும் வீரையும் முதிரையுமாய் நானூறு ஏக்கர்.
வன இலாகாவின் படத்தில் ஒரு பச்சைச் சதுரம்.
எங்களுக்கு
அடுப்பு, ஆட்டுக்குக் குழை, காய்ச்சலுக்குப் பட்டை,
யானை இறங்கினால்
எந்தப் பக்கத்தால் ஓடுவதென்ற கணக்கு.

ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது.
கிரவல் ஏற்ற டிராக்டர் பாதை,
காட்டை நடுவால் கிழித்து.
"கூட்டம் மூன்றரைக்கு" என்றார்
தலைவர் கதிராமத்தம்பி.
மூன்றரைக்கு ஒருத்தியும் போகவில்லை.
பாலை பழுத்திருந்தது.
யாரும் கேட்டால் சொல்ல அது போதும்.

சைக்கிளில் ஒரு பொடியன்
கூட்டப் புத்தகத்தோடு காட்டுக்கு வந்தான்.
"கையெழுத்து மட்டும் போதுமாம்."
பழப்பால் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்தபடி
தெய்வானைப்பிள்ளை சொன்னாள்:
"புத்தகம் வந்தது காணாது தம்பி.
கூட்டத்தையும் வரச் சொல்லு."

வந்தார்கள். செருப்பெல்லாம் முள்.
கதிரை இல்லாததால்
வேரில் குந்தினார் தலைவர்.
காக்கிச்சட்டை அதிகாரி கடைசிவரை நின்றார்.
பாதைக்கு ஏழு கை. வேண்டாமென்று பதினொன்று.
'ஏகமனதாக' என்று பழகிய பேனை
முதல்தரம் இலக்கம் எழுதியது.
'இடம்' என்ற கோட்டில்
பொதுநோக்கு மண்டபத்தை வெட்டி
வீரைமரத்தடி என்று போட்டேன்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை.

ஆடியில் வந்தது எங்களுடைய சொந்தத் தீர்மானம்:
தெற்குத் துண்டை இரண்டு வருஷம் மூடுவது.
கன்றுகள் எழும்பட்டும்.
விறகுக்கும் யாரும் போகக் கூடாது.

சிவயோகம் எழும்பி நின்றாள்.
இரண்டாயிரத்து ஆறில் மீன் வாங்கப் போன புருஷன்
இன்னும் வந்து சேரவில்லை.
சந்திப் பேக்கரிக்கு அவள் போடும் விறகு முழுக்கத்
தெற்குத் துண்டில்தான்.
"ரெண்டு வருஷத்துக்கு
என்ர உலைக்குக் கீழ கன்றையா வைக்கிறது?"
ஆரோ சிரித்தார்கள். பெண் குரல்தான்.

ஒன்பதுக்கு எட்டு.
ஒன்பதாவது கை என்னுடையது.

அன்றிலிருந்து கிணற்றடியில்
வாளிக் கயிற்றை என் கையில் தருவதில்லை அவள்.
கல்லில் வைத்துவிட்டுப் போகிறாள்.

நேற்று ரோந்து என் முறை.
தெற்குத் துண்டுப் பற்றைக்குள் ஒரு கட்டு விறகு.
பச்சைவெட்டு ஒன்றுமில்லை,
எல்லாம் தானாய்க் காய்ந்து விழுந்தது.
கட்டியிருந்தது நீலப்பூச் சேலைக் கிழிசல்.
எனக்கும் அதே சேலை இருக்கிறது.
வெருகல் திருவிழாவில்
விலை பேசிக் குறைத்து
இரண்டாய் வாங்கினோம்.

ரோந்துப் புத்தகத்தில் எழுதினேன்:
விறகு, ஒரு கட்டு, காய்ந்தது.
'யாருடையது' என்ற கட்டத்தில்
பேனை நெடுநேரம் நின்றது.
கட்டம் இன்னும் வெறுமை.
செயலாளருக்கு இது குற்றம்தான்.

இரவு கூட்டப் புத்தகத்தைத் திறந்தேன்.
விடயம் ஒன்று:
மூடிய துண்டில், சனிக்கிழமைகளில்,
விழுந்த விறகு பொறுக்க அனுமதித்தல்.
வழிமொழிபவர் என்று என் பெயரை முதலில் போட்டேன்.
முறைப்படி பிழை.
அதற்கு மேல்வரியில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்போது புத்தகத்தைக் கமக்கட்டில் இடுக்கி
அவள் படலையில் நிற்கிறேன்.
நாய் குரைக்கிறது.
என்னைத் தெரிந்த நாய்.
உள்ளே அடுப்பில்
விறகொன்று வெடிக்கும் சத்தம்.